பிரா முதலில், ஃபார்ம் அப்புறம்: திருநங்கைகள் செயற்கை மார்பகம் தேர்ந்தெடுத்து அணிய முழு வழிகாட்டி

புதிதாக வருகிற தங்கச்சிகள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். ஆன்லைனில் படத்தைப் பார்த்து சிலிக்கான் மார்பகத்தை ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். வந்த பிறகு அதற்கு பிரா தேடுகிறார்கள். பொருத்தமானது கிடைக்காமல் ஏதோ ஒன்றில் திணித்து, ஒரு நாள் முழுக்க பட்டையை இழுத்து இழுத்து விட்டு, தோள் வலித்து, மறுநாள் அதைக் கழற்றி அலமாரியில் போடுகிறார்கள். சில ஆயிரம் ரூபாய் அங்கேயே தூங்குகிறது. நானும் அப்படித் தூங்க வைத்தவள்தான்.

கடைகளில் இதை பிரெஸ்ட் ஃபார்ம் என்பார்கள், நானும் சுருக்கமாக ஃபார்ம் என்றே எழுதுகிறேன். வரிசை இதுதான்: உடம்பு அளவு, பிரா, எடைச் சோதனை, ஃபார்ம், கடைசியாக ஜாக்கெட். இதில் ஒன்றைத் தாண்டினால் அடுத்ததில் காசு போகும்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

தையல் இஞ்ச் டேப், சமையலறைத் தராசு (இல்லையென்றால் மளிகைக்கடை அண்ணாச்சியிடம் எடை போட்டுக்கொள்ளலாம்), அழுத்தி மூடுகிற ஜிப் கவர் நாலு, மெல்லிய மல் துணி அரை மீட்டர், ஆளுயரக் கண்ணாடி. முடிந்தால் கூட ஒரு ஆள். முதுகுப் பக்கம் டேப் ஏறி இறங்கியிருக்கிறதா என்று நமக்கே தெரியாது, அதற்காகத்தான்.

2. மூன்று அளவுகள்

முதல் அளவு, மார்புக்குக் கீழே விலா எலும்பைச் சுற்றி. மூச்சை வெளியே விட்டு, டேப் தரைக்கு இணையாக இருக்கும்படி, கொஞ்சம் இறுக்கமாக. 73 முதல் 77 சென்டிமீட்டர் என்றால் பிரா 34, 78 முதல் 82 என்றால் 36, 83 முதல் 87 என்றால் 38, 88 முதல் 92 என்றால் 40. சட்டை 40 போடுகிறேன், அதனால் பிராவும் 40 என்று வாங்குகிறவர்கள் அதிகம். சட்டை அளவு நெஞ்சின் அகலமான இடத்தில் எடுப்பது, இது அதற்குக் கீழே எடுப்பது. எடையைத் தாங்குவது தோளில் மாட்டுகிற பட்டை (கீழே தோள்பட்டை என்று எழுதுவது இதைத்தான்) இல்லை, விலாவையும் முதுகையும் சுற்றுகிற பட்டைதான். அது தளர்வாக இருந்தால் மொத்த எடையும் தோளில் இறங்கிவிடும்.

இரண்டாவது அளவை யாரும் எடுப்பதில்லை, ஆனால் இதுதான் முக்கியம். நெஞ்சின் நடுக்கோட்டிலிருந்து அக்குளின் முன் மடிப்பு வரை எவ்வளவு? ஒரு உதாரணத்துக்கு 16 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், அக்குள் பக்கம் கொஞ்சம் விட வேண்டும், ஆக ஃபார்மின் அகலம் 14-க்கு மேல் போகக்கூடாது. போனால் கையை ஆட்டும்போதெல்லாம் உள்கை உரசும், சாயங்காலம் அக்குள் ஓரம் தோல் உரிந்திருக்கும்.

மூன்றாவது, உயரம். தோள் முனைக்கும் முழங்கைக்கும் நடுப்புள்ளி எதுவோ, கிட்டத்தட்ட அந்த மட்டத்தில் ஃபார்மின் முனை வர வேண்டும். புதியவர்கள் கழுத்துக்குக் கீழே தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தாலே ஒட்ட வைத்தது போலத் தெரியும்.

3. பிரா

கப் முழுவதும் மூடுகிற, பேடு இல்லாத காட்டன் பிரா, பின்னால் மூன்று ஹூக் வரிசை, பட்டை அகலமாக. உள்ளே கம்பி வைத்தது வேண்டாம், ஃபார்மின் எடை கம்பியை விலாவில் அழுத்தும், ஃபார்மையும் அது குத்தும். புது பிராவை வெளிப்பக்கத்து, அதாவது தளர்வான ஹூக்கில் போட்டுப் பாருங்கள். அதிலேயே நன்றாகப் பிடிக்க வேண்டும், ஏனென்றால் துவைக்கத் துவைக்க எலாஸ்டிக் தளரும், அப்போது உள் ஹூக்குக்குப் போகலாம். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைந்தால் சரி. கை முழுதும் நுழைந்தால் பெரிசு.

நம்மில் பலருக்கு விலா அகலம், அதனால் 40 பி (எண் பட்டையின் அளவு, எழுத்து கப்பின் அளவு) கேட்டால் கடையில் இல்லை என்பார்கள். 38 சி-யில் அதே கொள்ளளவு கப் இருக்கும், பட்டை மட்டும் சின்னது. ஃபேன்ஸி ஸ்டோரில் ஹூக் எக்ஸ்டென்டர் என்று ஒரு சின்னத் துண்டு விற்பார்கள், அதை மாட்டிக்கொண்டால் தீர்ந்தது. பட்டை ஒரு அளவு ஏறினால் கப் எழுத்து ஒன்று இறங்கும், கொள்ளளவு மாறாது. இந்த ஒரு கணக்கு தெரிந்தால் கடையில் தடுமாற வேண்டாம்.

அடுத்தது உள்பை. மார்பகப் புற்றுநோய் அறுவை செய்தவர்களுக்காக மாஸ்டெக்டமி பிரா என்று பை வைத்தே வருகிறது, பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் பக்கத்தில் உள்ள சர்ஜிக்கல் கடைகளில் கேட்கலாம். இல்லையென்றால் மல் துணியை கப்பின் உள்பக்கம் வைத்து, அக்குள் பக்கம் மட்டும் திறப்பு விட்டு, சுற்றிலும் ஓட்டுத்தையல் போடுங்கள். இதனால் ஃபார்ம் குனியும்போது வெளியே வராது, சிலிக்கான் நேராகத் தோலில் படாது, வியர்வையைத் துணி உறிஞ்சும். இரண்டு பிராவிலாவது பை தைத்து வையுங்கள். ஒன்று காயும்போது ஒன்று வேண்டுமே.

4. தண்ணீர்ச் சோதனை

இதை நான் யாருக்குச் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். செய்து பார்த்தவர்கள் சிரிப்பதில்லை.

ஜிப் கவரில் 300 மில்லி தண்ணீர் ஊற்றி, காற்றை முழுக்க வெளியேற்றி மூடி, அதை இன்னொரு கவருக்குள் போட்டு மூடுங்கள். இதேபோல இன்னொன்று. குளியலறையில் நின்றுகொண்டே இரண்டையும் பிராவின் பைக்குள் வையுங்கள். மேலே ஒரு பனியனையோ டாப்ஸையோ போட்டுக் கண்ணாடியில் நேராகவும் பக்கவாட்டிலும் பாருங்கள். போதவில்லையென்றால் ஐம்பது ஐம்பது மில்லியாகக் கூட்டுங்கள். கப்பில் சுருக்கம் இல்லாமலும் மேலே பிதுங்காமலும் நிரம்பும் இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

அந்தக் கணக்குதான் உங்கள் ஃபார்மின் எடை. ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம், சாதாரண சிலிக்கான் ஜெல்லின் அடர்த்தியும் கிட்டத்தட்ட அதேதான். 400 மில்லியில் நின்றால் ஒரு பக்கம் 400 கிராம், ஜோடி 800 கிராம் வாங்க வேண்டும். கடைக்காரர் எழுதியிருக்கும் சி கப், டி கப் எல்லாம் இதற்கு முன் ஒன்றுமே இல்லை. ஒரு கம்பெனியின் சி இன்னொன்றின் பி.

சோதனை இத்தோடு முடியவில்லை. அதே எடையில் அரிசியைத் துணிப்பையில் கட்டி (தண்ணீரோடு ஊர்வலம் போக முடியாது), பிராவில் வைத்து, வீட்டு வேலை செய்துகொண்டே நாலு மணி நேரம் இருங்கள். பாத்திரம் தேயுங்கள், குனிந்து பெருக்குங்கள். கழுத்தும் தோளும் கேட்கும் கேள்விக்கு அப்போது பதில் தெரிந்துவிடும். ஒருத்தி ஜோடி 1,400 கிராம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அரிசியைக் கட்டிக்கொடுத்தேன். இரண்டு மணி நேரத்தில், "அக்கா, இந்த அரிசியை உலையில போட்டுடலாம்கா" என்று கழற்றிக் கொடுத்தாள். கடைசியில் 800-இல் முடிந்தது. அகலத் தோளுக்கு பெரிய மார்புதான் எடுப்பு என்று நினைப்போம். அளவானதுதான் கண்ணை உறுத்தாமல் இருக்கும் என்பது என் அனுபவம்.

5. எந்த வகை

ஸ்பாஞ்ச் அல்லது பஞ்சு வைத்தது: லேசு, மலிவு, வெயிலுக்கு ஏற்றது, வீட்டில் இருக்கும்போது போதும். எடை இல்லாததால் கையைத் தூக்கினால் பிராவோடு சேர்ந்து மேலே ஏறும். பட்டையின் கீழ் ஓரத்தை உள்ளே ஒரு தையல் போட்டுப் பிடித்தால் கொஞ்சம் நிற்கும்.

காலுறைக்குள் கம்பு, கடுகு கட்டிக்கொள்வதும் உண்டு. தொங்கும் விதம் பரவாயில்லை. ஆனால் வியர்வை பட்ட தானியம் பூசணம் பிடிக்கும், வண்டும் வரும். வாரம் ஒருமுறை மாற்றுவதாக இருந்தால் மட்டும். தண்ணீர் பலூன் வேண்டவே வேண்டாம், கூட்டமான பஸ்ஸில் உடைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சிலிக்கான்: எடை, அசைவு, உடம்புச் சூட்டை வாங்கிக்கொள்வது எல்லாம் இயல்புக்குப் பக்கத்தில் இருக்கும். இதில் பின்பக்கம் தட்டையானது, குழிந்தது என்று இரண்டு. நெஞ்சு தட்டையாக இருந்தால் தட்டை. ஹார்மோன் எடுத்துக் கொஞ்சம் வளர்ந்திருந்தால், அல்லது இயல்பாகவே சதை இருந்தால், குழிந்தது. தட்டையானதை வளர்ந்த மார்பின் மேல் வைத்தால் அழுத்தி வலிக்கும், தட்டை நெஞ்சில் குழிந்ததை வைத்தால் உள்ளே காற்றும் வியர்வையும் தேங்கி வழுக்கும்.

வடிவம் முதல்முறைக்கு கண்ணீர்த்துளி வடிவமே போதும், மேலே மெலிந்து கீழே நிறைந்திருக்கும். இடது வலது என்று தனித்தனியாக, ஒரு பக்கம் நீண்டு மெலிகிற வால் வைத்த ஃபார்ம் வாங்கினால் வால் அக்குள் பக்கம் போக வேண்டும். மாற்றி வைத்துவிட்டு, நடுவில் ஏன் இப்படி மேடாக இருக்கிறது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்.

தானாக ஒட்டுகிற வகை பிரா இல்லாமலும் நிற்கும் என்பார்கள். நம் ஊர் வியர்வையில் எனக்கு நின்றதில்லை. ஏ.சி. மண்டபத்தில் இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்குச் சரி, அதுவும் பிராவோடுதான்.

கழுத்திலிருந்து வயிறு வரை பனியன் மாதிரி வருகிற முழு சிலிக்கான் உடை மேடைக்கும் படப்பிடிப்புக்கும் மட்டும். உடம்பின் மேல்பாதி முழுக்க மூடிவிடுவதால் வியர்வை ஆவியாகாது, சூடு வெளியேறாது. முதல்முறை போடும்போதும் கழற்றும்போதும் கூட ஆள் இருக்கட்டும், கழுத்தில் மாட்டிக்கொண்டு தவித்தால் நகம் பட்டுக் கிழியும், அதைவிட பயத்தில் மூச்சு முட்டும். தலை சுற்றினாலோ குமட்டினாலோ உடனே கழற்றிவிட வேண்டும், கிழிந்தாலும் பரவாயில்லை.

6. வாங்கும்போது

எழுதியிருக்கும் எடை ஜோடிக்கா, ஒன்றுக்கா? அடி அகலம் எத்தனை சென்டிமீட்டர்? பின்பக்கம் தட்டையா, குழிவா? திருப்பி அனுப்பலாமா? இந்த நாலுக்கும் பதில் இல்லாத இடத்தில் வாங்காதீர்கள். நிறம் பெரும்பாலும் வெள்ளைக்காரத் தோலுக்குத்தான் வருகிறது, இருப்பதில் அடர்ந்ததை எடுங்கள். கழுத்து இறங்கிய ஜாக்கெட் போடாதவரை நிறம் வெளியே தெரியப்போவதில்லை. மேலே பெயின்ட், ஃபவுண்டேஷன் பூசிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், சிலிக்கானில் எதுவும் நிற்காது, ஜாக்கெட்டில்தான் ஒட்டும்.

7. தோலைத் தயார் செய்தல்

நெஞ்சு முடியை மழிப்பதானால் முந்தைய நாள் மாலையே. அன்று காலை மழித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும், அதன் மேல் வியர்வையும் சிலிக்கானும் சேர்ந்தால் மதியத்துக்குள் எரிச்சல், மறுநாள் கொப்புளம். குளித்து, நன்றாகத் துடைத்து, பத்து நிமிடம் மின்விசிறி அடியில் காய்ந்த பிறகு அணியுங்கள். எண்ணெய், லோஷன் எல்லாம் இரவில் மட்டும். பவுடர் லேசாக, ஃபார்மின் பின்பக்கம் தட்டினால் போதும். மார்புக்கடியில் அப்பினால் வியர்வையில் குழைந்து பசையாகி உரசும்.

பசையோ ஒட்டுநாடாவோ பயன்படுத்துவதாக இருந்தால், தோலுக்கென்றே செய்த மருத்துவப் பசை மட்டும். ஒரு ரூபாய் அளவு இடத்தில், விலாப் பக்கம் தடவி 24 மணி நேரம் பாருங்கள். அரிப்பு, சிவப்பு வந்தால் அந்தப் பசை உங்களுக்கு இல்லை. ஃபெவிக்விக், கார்பெட் டேப், இதெல்லாம் தோலைப் பிய்த்துக்கொண்டு வரும். எடுக்கும்போது இழுக்காமல், ஓரத்தில் பசை நீக்கியையோ தேங்காய் எண்ணெயையோ விட்டு உருட்டி உருட்டி எடுங்கள். எண்ணெய் பட்ட ஃபார்மை உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

8. அணியும் வரிசை

ஃபார்மை முதலில் பிராவின் பைக்குள் வைத்துவிடுங்கள், அப்புறம் பிராவை மாட்டுங்கள். மாட்டிய பிறகு உள்ளே திணித்தால் பை திரும்பிக்கொள்ளும், நகமும் படும். இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து, இரண்டும் கப்பில் விழுந்து உட்கார்ந்த பிறகு பின்னால் ஹூக்கைப் போடுங்கள். நிமிர்ந்த பிறகுதான் தோள்பட்டையைச் சரிசெய்ய வேண்டும், அதுவும் பட்டை அழுந்தாத அளவுக்கு. முதுகில் பிரா மேலே ஏறியிருந்தால் தோள்பட்டை அதிகம் இறுகியிருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு இரண்டு கையையும் தூக்குங்கள், பஸ் கம்பியைப் பிடிப்பது போல. உட்காருங்கள், எழுந்திருங்கள், செருப்பை எடுக்கக் குனியுங்கள். இதெல்லாம் செய்தும் இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் இருந்தால் வெளியே போகலாம்.

9. எவ்வளவு நேரம்

முதல் மூன்று நாள் இரண்டு இரண்டு மணி நேரம். அப்புறம் நாலு, பிறகு ஆறு, எட்டு. தசை பழக வேண்டும், தோலும் பழக வேண்டும். கழற்றியதும் பட்டைத் தடம் சிவந்திருப்பது சகஜம், அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அழுத்தம் அதிகம். சுண்டுவிரல் மரத்தாலோ கையில் சுருக்கென்று ஓடினாலோ பிராவின் தோள்பட்டை நரம்பை அழுத்துகிறது என்று அர்த்தம். அன்றைக்குக் கழற்றிவிடுங்கள், மறுபடி அணிய எடையைக் குறையுங்கள். கழற்றிய பிறகும் மரப்பு போகாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். தூங்கும்போது எதுவும் வேண்டாம்.

சித்திரையில் கூவாகம் போகிறவர்கள் காலையில் அணிந்தால் நடு ராத்திரி வரை கழற்றுவதில்லை. பட்டுச்சேலை, நகை, வெயில், கூட்டம், அதற்குள்ளே சிலிக்கான். போகிறபோது பையில் இரண்டு காய்ந்த கைக்குட்டை, மாற்று பிரா, தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை லாட்ஜ் அறையிலோ கழிவறையிலோ கழற்றி, நெஞ்சையும் ஃபார்மையும் துடைத்து, ஐந்து நிமிடம் காற்றாட விட்டு மறுபடி அணியுங்கள். அல்லது அன்றைக்கு ஸ்பாஞ்ச் போட்டுக்கொண்டு போங்கள், பட்டுச்சேலைக்குள் எது இருக்கிறது என்று யாருக்குத் தெரியப்போகிறது.

10. ஊக்கு

சிலிக்கானுக்கு முதல் எதிரி சேலை ஊக்கு. என் முதல் ஜோடி அப்படித்தான் போனது. அவசரமாக முந்தானையைக் குத்தினேன், ஒன்றும் தெரியவில்லை. இரவில் ஜாக்கெட்டைக் கழற்றினால் உள்ளே வெண்டைக்காய் அறுத்த கை மாதிரி கொழகொழவென்று இருந்தது. ஊக்கைத் தோள் எலும்புக்கு மேலே, ஜாக்கெட்டின் தையல் கோட்டில் மட்டும் குத்துங்கள், குத்தும்போது இன்னொரு கையின் விரல் துணிக்கு அடியில் இருக்கட்டும். ப்ரோச், கூரான டாலர், நீள நகம், வீட்டுப் பூனை, எல்லாம் இதே கணக்கில் வரும்.

ஓட்டை விழுந்ததை ஃபெவிகால் வைத்து ஒட்டி அணியாதீர்கள். கசிகிற ஜெல்லைத் தோலில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க இருப்பது நல்லதில்லை. அன்றைய அவசரத்துக்கு பிளாஸ்திரி ஒட்டி, துணியில் சுற்றி வீடு வந்து சேருங்கள், அதோடு அதற்கு ஓய்வு.

11. கழுவி வைப்பது

தினமும் கழற்றியதும் வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, உள்ளங்கையால் தேய்த்தால் போதும். பிரஷ், வெந்நீர், டெட்டால் வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்து, நிழலில் காயவிட்டு, வந்த பெட்டியின் அச்சிலேயே மல்லாக்க வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் வடிவம் கெடும். வீட்டில் தெரியக்கூடாது என்று துணிக்கடியில் அமுக்கி வைக்கிறவர்கள், குறைந்தபட்சம் ஒரு டிபன் டப்பாவில் துணி விரித்து வையுங்கள். அதே தட்டில் அந்துருண்டை போடாதீர்கள், அந்த வாடை ஏறினால் நெஞ்சோடு சேர்ந்து ஊர் சுற்றும்.

12. அரிப்பு, படை வந்தால்

சிவந்து, ஓரம் வட்டமாகி, அரித்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். ஃபார்மை நிறுத்துங்கள். மருந்துக்கடையில் போய் அரிப்புக்கு க்ரீம் என்று கேட்டால் ஸ்டீராய்டு கலந்ததைக் கொடுத்துவிட வாய்ப்பு அதிகம். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், உள்ளே பூஞ்சை பரவும், நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பும். தோல் டாக்டரிடம் காட்டி வாங்குங்கள். ஆறும்வரை மெல்லிய பஞ்சு பேடு.

இன்னொன்று. ஃபார்ம் தொல்லை வேண்டாம், ஊசியில் சிலிக்கான் ஏற்றிவிடலாம் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். அந்தத் திரவம் ரத்தக்குழாயில் ஏறி நுரையீரலை அடைத்தால் உயிரே போகும். அப்படிப் போகாவிட்டாலும் உள்ளே கட்டி கட்டியாக நின்று, வேறு இடத்துக்கு நகர்ந்து, வருஷங்கள் கழித்தும் தொல்லை கொடுக்கும். வெளியே எடுப்பதும் லேசில்லை.

13. ஹார்மோன் எடுப்பவர்களுக்கும் தையல்காரரிடம் போவதற்கும்

ஹார்மோன் ஆரம்பித்த சில மாதங்களில் காம்புக்கு அடியில் நெல்லிக்காய் மாதிரி ஒரு கெட்டி வரும், தொட்டாலே வலிக்கும். அது வளர்ச்சிதான். அதன் மேல் பசையும் வேண்டாம், கனமான ஃபார்மும் வேண்டாம், குழிந்த லேசான ஒன்று போதும். அந்தக் கெட்டி தவிர புதிதாக வேறு கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பிலிருந்து ரத்தமோ வேறு நீரோ கசிந்தாலோ மருந்து எழுதிக்கொடுத்த டாக்டரிடம் காட்டுங்கள். மார்பு அறுவை செய்தவர்கள், அறுவை செய்த டாக்டர் சொல்லும்வரை எதையும் மேலே வைக்கக்கூடாது.

வளர்ச்சி இரண்டு மூன்று வருஷம் வரை தொடரும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர்ச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். 400 கிராம் வேண்டியிருந்தவருக்கு 250 போதுமென்று ஆகும்.

ஜாக்கெட் அளவு கொடுக்கும்போது தினமும் போடும் பிராவும் ஃபார்மும் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். அளவு ஜாக்கெட் என்று தங்கச்சியுடையதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், டாட் (மார்புக்காகப் பிடிக்கிற மடிப்புத் தையல்) முனை ஒரு இடத்திலும் மார்பு ஒரு இடத்திலும் நிற்கும். தோளிலிருந்து மார்பு முனை வரை தனியாக அளக்கச் சொல்லுங்கள், கழுத்தை இரண்டு விரல் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள், பக்கத் தையலில் உள்ளே ஒரு இஞ்ச் துணி விடச் சொல்லுங்கள். "எதுக்கும்மா, இன்னும் குண்டாவீங்களா?" என்று எங்கள் தெரு டெய்லர் அக்கா கேட்டார். ஆமாம் அக்கா, ஆவேன் என்றேன்.